எல்லைப் பஞ்சாயத்தில் ஒரு பாலியேட்டிவ் தொண்டர் குழு: வந்தவர்கள், நின்றவர்கள், நிலைத்தவர்கள் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில், கோயம்புத்தூர் மாவட்ட எல்லையை ஒட்டிக் கிடக்கும் பஞ்சாயத்துகளுள் ஒன்றில் 2022 ஆகஸ்ட் முதல் 2024 இறுதி வரை நடந்தவை இங்கே பதிவாகின்றன. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று உதவுவதற்காகத் தொண்டர் குழு ஒன்று அமைக்கப்பட்டபோது யார் வந்தார்கள், யார் ஏன் நின்றுவிட்டார்கள், யாரை எது தங்க வைத்தது என்பதே இதன் பொருள். தாலுக்கா அளவில் இயங்கும் பாலியேட்டிவ் (தீராத நோயில் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பராமரிப்பு) அமைப்பின் சார்பில் அந்தப் பணியில் ஈடுபட்டவர்களில் நானும் ஒருவர். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதல் பெற்று எழுதியிருக்கிறேன். பஞ்சாயத்தின் பெயரையும், ஆளை இன்னாரென்று காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று நீளும் இந்தப் பகுதி 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தில் சேர்ந்தது. வீட்டிலும் காட்டிலும் (விளைநிலத்தை இங்கே காடு என்பார்கள்) பேச்சு தமிழ்தான்; அதிலும் கொங்கு வழக்கு மிகுந்த தமிழ். கேரளத்தின் மற்ற இடங்களைத் தாராளமாக நனைக்கும் தென்மேற்குப் பருவமழை இங்கே மெலிந்துவிடும். தென்னையும் நிலக்கடலையும் கறவை மாடுகளும்தான் பிழைப்பு. காடு இல்லாதவர்களுக்குக் கூலி வேலையும் நூறு நாள் வேலையும், இளைஞர்களுக்குப் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்து வேலைகளும். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம் என்பதால், நோய் கண்டவர்களில் பாதிப் பேர் மேற்கே பாலக்காட்டுக்கும் மீதிப் பேர் கிழக்கே கோவைக்கும் போகிறார்கள். ஒரே வீட்டில் மலையாளச் சீட்டும் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியின் கோப்பும் ஒன்றாகக் கிடப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

கேரளத்தின் பாலியேட்டிவ் பணி 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்களும் பொதுமக்களும் சேர்ந்து தொடங்கிய அமைப்பிலிருந்து வளர்ந்தது. பின்னர் மலப்புறம் முதலிய இடங்களில் அந்தந்த ஊர்க்காரர்களே பணம் திரட்டி, பயிற்சி பெற்று, அண்டை வீட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் முறை பரவியது. 2008-இல் மாநில அரசு இதற்கென ஒரு கொள்கையை வகுத்த பிறகு, பஞ்சாயத்து நிதியில் ஒரு நர்ஸும் வீடுவீடாகச் செல்ல ஒரு வாகனமும் என்ற ஏற்பாடு எல்லா இடங்களுக்கும் வந்தது. ஆனால் நர்ஸ் ஒரு வீட்டுக்கு மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோதான் வர முடியும். இடைப்பட்ட நாட்களில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதற்கும், மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்கும், இரவெல்லாம் கண்விழித்த மகளை ஒரு மணி நேரமாவது தூங்க வைப்பதற்கும் பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் தொண்டர். தொண்டர் இல்லாத ஊரில் பாலியேட்டிவ் என்பது நர்ஸ் வந்து போகும் ஒரு நாளாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தப் பஞ்சாயத்தில் நர்ஸ் இருந்தார், வாகனமும் இருந்தது, ஆஷா பணியாளர்களும் (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள்) இருந்தார்கள். தொண்டர்கள் என்று சொல்ல மூன்று நான்கு பேருக்கு மேல் இல்லை. நர்ஸ் மேற்கேயிருந்து வரும் மலையாளப் பெண்மணி. தமிழ் பேசினால் புரிந்துகொள்வார், திருப்பிப் பேசவும் செய்வார். எழுத்து மட்டும் தெரியாது.

சேர்க்கையும் பயிற்சியும்

2022 ஆகஸ்டில் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ரேஷன் கடைகளிலும் வாசகசாலையிலும் இரு மொழிகளிலும் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. அதைப் பார்த்துத் தானாக வந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எல்லோரும் யாரோ ஒருவர் நேரில் கேட்டதால் வந்தார்கள்: வார்டு மெம்பர், குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தின் (கேரளத்துப் பெண்கள் சுயஉதவிக் குழு) செயலாளர், பால் சொசைட்டியில் அளவு பார்ப்பவர், நர்ஸ். நாற்பது வயது கடந்த ஒரு பெண் பின்னாளில் சொன்னது இது: "பஞ்சாயத்து நோட்டீசெல்லாம் நமக்கில்லைன்னு நெனச்சுட்டனுங்க. நர்ஸ் சேச்சி ஊட்டுக்கே வந்து கூப்புட்டாங்க. அப்புறம் எப்படிங்க முடியாதுங்கறது?" அந்த வார்த்தையின் முழு எடையும் அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

செப்டம்பரில் 32 பேர் அடிப்படைப் பயிற்சியை முடித்தார்கள். அவர்களில் 24 பேர் பெண்கள். பெரும்பாலோர் அயல்கூட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஆண்களில் ஓய்வுபெற்ற தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவரும், கோவைக் கல்லூரியொன்றில் சமூகப்பணி படிக்கும் மாணவர் ஒருவரும், ஒரு சிறு கடைக்காரரும் இருந்தார்கள். பயிற்சி மலையாளத்தில் நடந்தது. ஆசிரியர் இடையிடையே எழுந்து தமிழில் விளக்கினார். படுக்கைப் புண் வராமல் தடுப்பது, மூத்திர டியூப் உள்ளவரைக் குளிப்பாட்டுவது, நோயாளி பேசும்போது குறுக்கிடாமல் கேட்பது ஆகியவை செய்முறையாகக் கற்பிக்கப்பட்டன. நர்ஸின் வாகனம் செல்லும் செவ்வாய், வியாழக் கிழமைகளில் முறைவைத்து இருவர் உடன் செல்ல வேண்டும் என்று முடிவாயிற்று.

கவனிக்கப்பட்டவை

அக்டோபரில் முறை தவறாமல் வந்தார்கள். நவம்பரில் ஒருவர் மட்டும் வந்த நாட்கள் கூடின. டிசம்பரில் வாகனத்தில் நர்ஸும் ஆஷா பணியாளரும் ஓட்டுநரும் மட்டும் போன நாட்களும் உண்டு. ஆண்டு முடிவில் கணக்கெடுத்தபோது, அந்த மாதத்தில் ஒருமுறையாவது வந்தவர்கள் 11 பேர்.

ஜனவரி 15 கேரளத்தில் பாலியேட்டிவ் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று ஊர்வலமும், நோயாளிகளும் குடும்பத்தினரும் கூடும் கூட்டமும், தொண்டர்களுக்குப் பாராட்டும் நடக்கும். 2023-இல் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை, அன்றே தைப்பொங்கல். மறுநாள் பட்டிப் பொங்கல். மாடு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அந்த இரண்டு நாட்களும் பெண்கள் வாசலைவிட்டு நகர முடியாது. பட்டியைக் கூட்டி மெழுகுவதும், மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசுவதும், வந்த உறவினருக்குச் சமைப்பதும் அவர்கள் பொறுப்பு. பக்கத்துப் பஞ்சாயத்துகளின் மலையாளத் தொண்டர்கள் திரளாக வந்து நின்ற அந்தக் கூட்டத்தில் எங்கள் 32 பேரில் மூன்று பேர் மட்டுமே இருந்தார்கள்.

அடுத்து நடந்த ஆய்வுக் கூட்டத்தில், தமிழ் வார்டுகளில் சேவை மனப்பான்மை குறைவு, ஆகவே தொண்டர் பணியை அங்கே விட்டுவிட்டுக் கூலிக்கு ஒரு உதவியாளரை அமர்த்தலாம் என்று ஒரு கருத்து வைக்கப்பட்டது. சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. வருகைப் பதிவேடு அப்படித்தான் காட்டியது. ஆனால் அந்த வார்டுகளில் ஒரு சாவு வீட்டுக்கோ பிரசவத்துக்கோ கேட்காமலேயே ஆள் கூடுவதையும், படுக்கையில் கிடப்பவருக்கு எதிர்வீட்டிலிருந்து கஞ்சி போவதையும் நாள்தோறும் பார்க்கிற ஆசிரியரும் நர்ஸும் அதை ஏற்கவில்லை. கூலி உதவியாளர் பற்றிய முடிவு மூன்று மாதம் ஒத்திவைக்கப்பட்டது. அதற்குள் 32 பேரையும் அவரவர் வீட்டில் சந்தித்து, வராததன் காரணத்தைக் குற்றம் சாட்டும் தொனியின்றிக் கேட்டுவர வேண்டும் என்று தீர்மானித்தோம்.

வீடுகளில் கேட்டறிந்தவை

கேட்கப் போகும்போது ஒரு சட்டகம் கையில் இருக்கட்டும் என்று, கில் கிளேரி, மார்க் ஸ்னைடர் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட வகைப்பாட்டை எடுத்துக்கொண்டோம். மனிதர்கள் தொண்டுக்கு வருவதன் பின்னே ஆறு வகைப் பயன்கள் இருப்பதாக அவர்கள் கூறுகிறார்கள்: தாம் மதிக்கும் விழுமியங்களை வாழ்ந்து காட்டுவது, புதிதாக ஒன்றைக் கற்பது, தன்னைச் சார்ந்தோர் மதிப்பதைத் தானும் செய்வது, தொழிலுக்கு வழி தேடுவது, மனத்துயரிலிருந்து விடுபடுவது, தன்மதிப்பு உயர்வது. ஆறும் எங்கள் 32 பேரிடம் இருந்தன. ஆனால் வந்ததற்கான காரணங்களைத்தான் அந்தப் பட்டியல் சொல்கிறது; வர முடியாமல் போனதற்கான காரணங்கள் அதற்கு வெளியே, இந்த ஊரின் நாள்முறையில் கிடந்தன.

முதலாவதும் பெரியதும் நேரம். காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வரும் பெண், மறுபடி மாலைக் கறவைக்கு முன் வீட்டில் இருந்தாக வேண்டும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் காலையிலும் பிற்பகலிலும் இருமுறை புகைப்படத்துடன் வருகை பதிவது கட்டாயமாயிற்று. அதுவரை மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தவர்கள், இனி அப்படிப் போனால் அன்றைய கூலி போய்விடும். வாரநாளில் காலை ஒன்பதரைக்கு ஏறி மாலை நாலு மணிக்கு இறங்கும் வாகனம் இவர்கள் யாருடைய நாளுக்கும் பொருந்தவில்லை. மாதச் சம்பளக்காரருக்கும் ஓய்வூதியருக்கும் பொருந்தும் முறை அது. ஆழியாற்றுத் தண்ணீர் கால்வாயில் வரும் நாட்களில் காட்டுக்காரர்களை எதற்கும் எதிர்பார்க்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வீட்டின் சம்மதம். இளம் மருமகள்கள் ஐவர் நின்றுபோனதற்கு மாமியாரோ கணவரோ காரணம் என்று தெரிந்தபோது, அதைப் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிதாக இருந்திருக்கும். நேரில் கேட்டபோது வேறாக இருந்தது. ஒரு மாமியார் சொன்னார்: "போயிட்டு வரட்டும், நல்லதுதான். எந்த ஊட்டுக்குப் போறா, யாரு கூடப் போறான்னு எனக்குத் தெரியோணும்ல?" ஆண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஓட்டுநரோடு வாகனத்தில் போய்வரும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்ற கவலை அது. எங்களில் எவரும் பயிற்சிக்கு முன்னாலோ பின்னாலோ அந்த வீட்டுப் படி ஏறி, செய்யப்போகும் வேலை என்னவென்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாவது, மொழி. பேச்சு தடையாக இல்லை. எழுத்துதான் தடை. நோயாளியின் பதிவேடு, ஒப்புதல் படிவம், படுக்கையிலிருப்பவரைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கான ஆஸ்வாசகிரணம் உதவித்தொகை விண்ணப்பம் எல்லாமே மலையாளம். தமிழ்வழியில் எட்டாவதோ பத்தாவதோ படித்த ஒரு பெண்ணிடம் ஒரு நோயாளியின் மகன் படிவத்தை நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்குதுங்கக்கா?" என்று கேட்க, படிக்கத் தெரியாமல் நின்ற அந்த நிமிடம் அவரை வெட்கப்படுத்தியது. அடுத்த முறைக்கு அவர் வரவில்லை. தன் வார்டில் நன்றாகப் படித்தவள் என்று பெயர் எடுத்தவர் அவர். உதவி செய்யப் போன இடத்தில் தன்மதிப்பு குறைந்தால் யாரும் மறுபடி போகமாட்டார்கள்.

நான்காவது, தெரு, அதாவது சாதி. காலனியிலிருந்து வந்த ஆறு பேரில் நால்வர், ஊருக்குள் சில வீடுகளில் தங்களைத் திண்ணைக்கு மேல் விடவில்லை என்றார்கள். ஊரிலிருந்து வந்த சிலரோ, காலனி வீடுகளுக்குப் போக வேண்டிய நாட்களில் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தது பதிவேட்டை வரிசையாகப் பார்த்தபோது தெரிந்தது. இதைத் தனியே கீழே எழுதுகிறேன்.

எல்லாத் தடைகளையும் மீறி வந்துகொண்டிருந்த 11 பேரைப் பற்றியும் கேட்டோம். அவர்களில் எட்டுப் பேர் தம் வீட்டிலேயே நீண்ட நாள் நோயாளி ஒருவரைப் பார்த்து, சாகக் கொடுத்தவர்கள். "அன்னைக்கு எங்களுக்கு யாராச்சும் வந்து, வலிக்கு மருந்து இருக்குதுன்னு சொல்லியிருந்தா" என்று தொடங்கிய வாக்கியத்தை அவர்களில் பலர் முடிக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வாகனத்தை மையமாகக் கொண்ட முறை கைவிடப்பட்டது. நர்ஸின் பயணம் வழக்கம்போல் வாரநாட்களில் தொடர, தொண்டர் ஒவ்வொருவருக்கும் நடந்துபோகும் தூரத்தில் இரண்டு அல்லது மூன்று வீடுகள் ஒதுக்கப்பட்டன. நேரத்தை அவரே முடிவு செய்துகொள்ளலாம். பெரும்பாலோர் காலைக் கறவை முடிந்த பிறகோ இருட்டும் நேரத்திலோ போனார்கள். வருகையை நாட்கணக்கில் அளப்பதை விட்டு, வீட்டில் நடந்ததைக் கேட்கத் தொடங்கினோம். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் எல்லோரும் நர்ஸோடு கூடிப் பேசுவது என்றானது.

இளம்பெண்களின் வீடுகளுக்கு நர்ஸும் அயல்கூட்டத் தலைவியும் நேரில் போய், செய்யப்போகும் வேலை, போகும் வீடுகள், உடன்வரும் பெண் ஆகியவற்றைப் பெரியவர்களிடம் விளக்கினார்கள். இருவர் இருவராகவே போவது என்பதும், ஆண்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண் தொண்டர் ஒருவரும் சேர்ந்து போவது என்பதும் விதிகளாயின. பெண்ணின் விருப்பத்துக்கு மாமியாரின் அனுமதி எதற்கு என்று குழுவுக்குள்ளேயே ஒரு எதிர்ப்பு எழுந்தது. அதில் நியாயம் உண்டு. அந்தப் பெண்கள் ஐவரிடமே கேட்டோம். பெரியவர்களிடம் சொல்வதையே நால்வர் விரும்பினார்கள். ஒருவர் வேண்டாம் என்றார், அவர் வீட்டுக்குப் போகவில்லை.

எழுத்துக்கு ஆசிரியர் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு நோயாளி வீட்டிலும் ஒரு நோட்டு வைக்கப்பட்டது. வலி எவ்வளவு என்பதைப் பூஜ்யம் முதல் பத்துவரை ஓர் எண்ணாகவும், மாத்திரை கொடுத்த நேரத்தையும் மலம் கழித்த நாளையும் கட்டங்களில் குறியாகவும் எழுதும் முறை அது. எண்கள் இரு மொழிக்கும் பொது என்பதால், தொண்டர் எழுதியதை நர்ஸ் படிக்கவும் நர்ஸ் எழுதியதை வீட்டார் படிக்கவும் முடிந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய மார்ஃபின் மாத்திரையை, பழகிவிடும் என்ற பயத்தில் வலி தாங்க முடியாதபோது மட்டும் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. நோட்டின் வெற்றுக் கட்டங்கள் அதை உடனே காட்டிக்கொடுத்தன. அந்த மருந்து தவறாமல் மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்பதால், மலம் கழித்த நாளுக்கான கட்டமும் அதே அளவு முக்கியமாக இருந்தது. படிவங்களை நிரப்பும் பொறுப்பை ஆசிரியர் தன் வீட்டுத் திண்ணையில் ஏற்றுக்கொண்டார். முதுகுவலியால் வீடுவீடாகப் போக முடியாத அவருக்கும் அது ஏற்ற வேலையாக இருந்தது.

கல்லூரி மாணவர் சான்றிதழுக்காகத்தான் வந்தேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். இதைக் குறையாகப் பார்த்தவர்கள் குழுவில் இருந்தார்கள். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவிய அமெரிக்கத் தொண்டர்களை ஆராய்ந்து ஆலன் ஒமோட்டோவும் மார்க் ஸ்னைடரும் 1995-இல் வெளியிட்ட முடிவுகளில், கற்பதும் தன் வளர்ச்சியும் போன்ற சொந்த நோக்கங்கள் வலுவாக உள்ளவர்கள் நீண்ட காலம் தங்கினார்கள் என்பது ஒன்று. தன்னலம் கலந்த நோக்கம் தொண்டுக்குப் பகை அல்ல. ஆறு மாதம் என்று எல்லை வகுத்து, கோவை ஆஸ்பத்திரிகளின் கோப்புகளைப் படித்து நர்ஸுக்குச் சுருக்கிச் சொல்லும் வேலை அவருக்குத் தரப்பட்டது. ஆறு மாதம் முடிந்ததும் சான்றிதழோடு போனார். அவர் விலகியதாக நாங்கள் எழுதவில்லை. ஏற்ற வேலையை முடித்தவர் அவர்.

மறுக்கப்பட்ட வாசல்

2023 ஜூனில், காலனியைச் சேர்ந்த இரு பெண் தொண்டர்களுக்கு ஒதுக்கப்பட்ட வீடுகளில் ஒன்று ஊருக்குள் இருந்தது. பக்கவாதத்தால் விழுந்துகிடந்த முதியவர். முதுகில் படுக்கைப் புண். முதல் நாள் இருவரும் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். நர்ஸ் மட்டும் வந்தால் போதும், அல்லது வேறு ஆளை அனுப்புங்கள் என்று மகன் சொன்னார். இருவரும் திரும்பி வந்து நர்ஸிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

அன்று மாலையே குழு கூடியது. ஒரு பக்கம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் புண் எலும்புவரை போகக்கூடிய நோயாளி. மகன் செய்த குற்றத்துக்கு அவரை வாட்டுவது எந்த நியாயத்திலும் சேராது. மறுபக்கம், வேறு தெருவைச் சேர்ந்த தொண்டரை அனுப்பினால், அந்த வீட்டின் விதியை எங்கள் விதியாக ஏற்றதாகிவிடும். அதற்குப் பின் பட்டியல் முழுவதும் தெரு பார்த்துப் பிரிக்கப்படும். நீண்ட நேரம் பேசிய பின் எடுத்த முடிவு இது: சிகிச்சை எக்காரணத்தாலும் நிறுத்தப்படாது, நர்ஸ் முன்பைவிட அடிக்கடி போவார், தொண்டர் சேவை மட்டும், ஒதுக்கப்பட்ட அதே இருவர் வழியாகத்தான் கிடைக்கும், மாற்று ஆள் இல்லை. இதை நர்ஸும் ஆசிரியரும் அந்த வீட்டுக்குப் போய், கோபமின்றி, சுற்றி வளைக்காமல் சொன்னார்கள். ஆசிரியர் அந்த மகனுக்குப் பாடம் நடத்தியவர் என்பது அந்தப் பேச்சுக்கு உதவியது.

சில வாரங்கள் அந்த வீடு தொண்டர் இல்லாமலே இருந்தது. பிறகு முதியவரின் மனைவி நர்ஸிடம், அந்தப் பெண்களை வரச் சொல்லுங்கள் என்றார். இருவரும் போனார்கள். முதியவர் இறக்கும்வரை போனார்கள். மகனின் மனம் மாறியதா என்பதற்கு எங்களிடம் சான்று இல்லை. அதை வெற்றியாக எழுதவும் எனக்கு விருப்பமில்லை. எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது தொண்டர்கள் பக்கம் நடந்தது. இருவரில் மூத்தவர் ஞாயிற்றுக் கூட்டத்தில் சொன்னார்: "வாசல்ல நிக்கறது எங்களுக்குப் புதுசில்லீங்க. நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தோம்." காலனியிலிருந்து வந்து முன்பு நின்றுபோன நால்வரில் மூவர் அடுத்த இரண்டு மாதங்களில் திரும்பி வந்தார்கள். யாரும் அவர்களைப் போய் அழைக்கவில்லை.

காலனிக்குப் போகத் தயங்கிய ஊர்த் தொண்டர்களிடமும் அதே விதி சொல்லப்பட்டது. இருவர் விலகினார்கள். மற்றவர்கள் போனார்கள், தண்ணீர் வாங்கிக் குடிக்கச் சிலருக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

துயரத்தோடு வந்தவர்

நோட்டீஸ் நமக்கில்லை என்று நினைத்ததாகச் சொன்ன பெண், வாய்ப் புற்றுநோயில் கணவரை இழந்து எட்டு மாதம் ஆகியிருந்தபோது சேர்ந்தவர். இழப்பு ஆறாத ஒருவரை நோயாளி வீட்டுக்கு அனுப்பலாமா என்று குழு தயங்கியது. அவருடைய விருப்பத்தின் உறுதியைப் பார்த்து ஒப்புக்கொண்டது. புண்ணின் நாற்றத்துக்குப் பயந்து சொந்தக்காரர்களே அறைக்கு வெளியே நிற்கும் வீடுகளில் அவர் உள்ளே போய் உட்காருவார். மெட்ரானிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் குறையும் என்பதை நர்ஸிடம் கற்றுக்கொண்டு, கணவரின் கடைசி மாதங்களில் இது தெரியாமல் போயிற்றே என்று ஒருமுறை சொன்னார். எல்லோரும் அவரையே முன்மாதிரியாகக் காட்டினோம்.

2023 செப்டம்பரில் அவர் பார்த்துவந்த, அதே நோயுள்ள ஒருவர் இறந்தார். இறந்தவருக்கு அந்தப் பெண்ணுடைய கணவரின் வயதே இருக்கும். அதன்பின் அந்தப் பெண் வரவில்லை. மனம் நொந்திருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்ததால், வாரக்கணக்கில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. கடைசியில் நர்ஸ் போனபோது, வேலை முடிந்ததும் யாருக்கும் தான் தேவையில்லை என்று எண்ணியிருந்ததாகச் சொன்னார். அவர் மறுபடி வந்தது வேறு வேலைக்கு: வாட்டர் பெட், சக்கர நாற்காலி ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்து வீடுகளுக்குக் கொடுத்து வாங்குவது, சாவு நடந்த வீட்டுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் போய் அந்த வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருப்பது. இரண்டாவது வேலை எங்கள் பட்டியலில் இல்லை, அவரே தொடங்கியது.

பின் நிகழ்ந்தவை

கூலி உதவியாளர் யோசனை கைவிடப்பட்டது. 2024-இலும் தைப்பொங்கல் ஜனவரி 15 அன்றே வந்ததால், பஞ்சாயத்தின் ஒப்புதலோடு பாலியேட்டிவ் நாள் கூட்டம் அடுத்த ஞாயிறான 21-ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. தொண்டர்கள் பெரும்பாலோர் வந்தார்கள், சிலர் குடும்பத்தோடு. மாமியார்கள் சிலரும் வந்திருந்தார்கள்.

2024 இறுதியில், முதலில் பயிற்சி பெற்ற 32 பேரில் 17 பேர் பணியில் இருந்தார்கள். அவர்கள் அழைத்துவந்த ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். ஒருவர்கூட நோட்டீஸ் பார்த்து வந்தவர் அல்லர். படுக்கைப் புண் முற்றிய நிலையில் புதிதாகத் தென்படுவது குறைந்ததாக நர்ஸ் சொல்கிறார். முறையாக அளந்து சொல்லும் அளவுக்கு எங்கள் பதிவேடு இல்லை.

எல்லா வார்டிலும் இது பலிக்கவில்லை. மாநில எல்லையை ஒட்டிய ஒரு வார்டில் ஆண்களும் பெண்களும் விடியுமுன் வேன் ஏறிப் பொள்ளாச்சிப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறார்கள். அங்கே எந்த நேரமும் பொருந்தவில்லை. இன்றும் ஆஷா பணியாளர் ஒருவரே எல்லா வீடுகளையும் பார்க்கிறார். ஆண் தொண்டர்களின் எண்ணிக்கையும் உயரவில்லை. ஆண் நோயாளியைத் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டிய இடங்களில் இது தினமும் உறுத்துகிறது.

மாற்ற வேண்டியவை

அடுத்த பஞ்சாயத்தில் இதே பணியைத் தொடங்கும்போது, பயிற்சிக்கு முன்பே ஒவ்வொருவரின் நாள்முறையையும் கேட்டறிந்துவிட்டு வேலையை வகுக்க எண்ணியிருக்கிறோம். பயிற்சியைத் தொடக்கம் முதலே தமிழில் நடத்த இரு நர்ஸுகள் முன்வந்திருக்கிறார்கள். ஒரு நோயாளி இறந்தால், அவரைப் பார்த்துவந்த தொண்டரை மூன்று நாட்களுக்குள் குழுவில் ஒருவர் வீட்டில் போய்ப் பார்ப்பது இப்போதே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஓராண்டுக்குள் வீட்டில் இழப்பு கண்டவர்களை அதே நோயுள்ள வீட்டுக்கு அனுப்புவதில்லை.

பதிவேட்டில் பெயரே இல்லாமல் உதவியவர்களைக் கணக்கில் கொள்ளும் வழியும் வேண்டும். நோயாளிகளைப் பாதிக் கட்டணத்துக்கும் சில வேளை கட்டணமின்றியும் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவரைப் பயிற்சிக்கு வருமாறு அழைத்தபோது, வகுப்பில் உட்கார நேரமில்லை, அழைத்தால் வண்டியோடு வருகிறேன் என்றார். பயிற்சி பெற்றவரே தொண்டர் என்ற விதியால் அவர் எண் கூட எங்கள் அட்டையில் அச்சாகாமல் இருந்தது. இப்போது அச்சிட்டிருக்கிறோம், பெட்ரோல் செலவைப் பஞ்சாயத்துத் திட்டத்தில் சேர்க்கக் கேட்டிருக்கிறோம்.

மொழிச் சிறுபான்மையினர் தம் பகுதி அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ளக் கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அதைச் சுட்டி, பாலியேட்டிவ் ஒப்புதல் படிவத்தையும் வீட்டு நோட்டையும் இரு மொழிகளிலும் அச்சிட்டுத் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். தமிழ் வடிவத்தை ஆசிரியரும், படிவத்தை நீட்டியபோது படிக்க முடியாமல் நின்ற அந்தத் தொண்டரும் சேர்ந்து எழுதி முடித்து, விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறார்கள். பஞ்சாயத்துக் குழுவின் ஒப்புதல் இன்னும் வரவேண்டும்.